சலமான்காவில் ஸ்பானிஷ்: தங்கும் வீட்டில் முதல் ஏழு நாள்

கேள்வி இதுதான்: ஊரில் ஏ1 என்னும் தொடக்க நிலை முடித்த இருபது வயது மாணவி, ஜூலையில் நான்கு வாரம் ஸ்பெயினின் சலமான்கா நகரில் மொழி படிக்கப் போகிறார். உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கல். முட்டை, பால் உண்டு. இறைச்சி, மீன் கிடையாது. முதல் வாரத்துக்கு எப்படித் தயாராவது, வாய் திறந்து பேச வருமா என்று கேட்டிருக்கிறார்.

பேச வரும். முதலில் வரும் இடம் சாப்பாட்டு மேசை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு நாலு பாடம், வகுப்பில் பத்துப் பேர் என்றால், உங்கள் வாய் அசையும் நேரம் இருபது நிமிடத்தைத் தாண்டாது. மேசையிலோ மதியம் முக்கால் மணி, இரவு முக்கால் மணி, எதிரே ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த ஓர் அம்மா. சாப்பிட்டதும் தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர் அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தினமும் இழக்கிறார். அதனால் பள்ளியைவிட வீட்டைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

பதிவு செய்யும்போதே ஒன்று. 'மெதியா பென்சியோன்' என்றால் இரண்டு வேளை, 'பென்சியோன் கொம்ப்லேத்தா' என்றால் மூன்று வேளை. கொஞ்சம் பணம் கூடினாலும் மூன்று வேளையை எடுங்கள். ஸ்பெயினில் பெரிய சாப்பாடு மதியம்தான். வீட்டில் எல்லோரும் நிதானமாக உட்காருவதும் அப்போதுதான்.

பயணத்துக்கான ஷெங்கன் விசா, முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைப் பள்ளியே பட்டியல் போட்டுச் சொல்லியிருக்கும். பள்ளியின் சேர்க்கைக் கடிதம், தங்கும் வீட்டு முகவரி இரண்டையும் காகிதத்தில் அச்சடித்துக் கைப்பையில் வையுங்கள். விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி கேட்கும்போது கைபேசியில் சார்ஜ் இல்லாமல் போவது அடிக்கடி நடப்பது. நெய், பால்கோவா, மைசூர்பாகு எதையும் அன்பளிப்பாகக் கட்டாதீர்கள்; ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோகத் தடை. கால் கிலோ காபித்தூளும் ஒரு சிறிய பித்தளை ஃபில்டரும் கொண்டுபோனால் அன்பளிப்பும் ஆச்சு, இறக்கிக் காட்டும்போது பேச ஒரு விஷயமும் ஆச்சு. மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட்; இரண்டு முள் சார்ஜர் அங்கே செருகும், மூன்று முள் மடிக்கணினி பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும்.

பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து சேரச் சொல்வார்கள். மத்ரித் பராஹாஸ் விமான நிலையத்திலிருந்து சலமான்காவுக்கு நேரடிப் பேருந்து உண்டு; தூரம் 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். ரயில் வேண்டுமென்றால் சமார்த்தீன் நிலையத்துக்குப் போக வேண்டும். எதில் வந்தாலும் இறங்கும் நேரத்தை வீட்டம்மாவுக்கு முதல் நாளே எழுதிவிடுங்கள். "சாப்பிட்டு வருவேன்" அல்லது "சாப்பிடாமல் வருவேன்" என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதாவிட்டால் உங்களுக்காக ஒரு தட்டு மூடிக் காத்திருக்கும்.

முகவரியைப் படிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். தெருப்பெயர், 14, 3, 'இஸ்கியெர்தா' என்று இருந்தால்: பதினாலாம் எண் கட்டடம், மூன்றாம் மாடி, இடப்பக்கக் கதவு. வலப்பக்கம் 'தெரேச்சா', தரைத்தளம் 'பாஹோ'. வாசலில் உள்ள அழைப்பு மணிப் பலகையில் பெரும்பாலும் பெயர் இருக்காது, மாடியும் கதவும்தான். சில பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே இன்னொரு தளம் இருக்கும், ஆகவே படியை எண்ணாதீர்கள்; கதவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மாடிப்படி விளக்கு சற்று நேரத்தில் தானே அணையும். சுவரில் மினுங்கும் பொத்தானை மறுபடி அழுத்தினால் எரியும். ஆனால் பக்கத்துக் கதவின் அழைப்பு மணியும் அதே உயரத்தில் இருக்கும், பார்த்து அழுத்துங்கள்.

கதவு திறந்ததும் இரு கன்னத்திலும் கன்னம் உரசி வரவேற்பார்கள். அசையாமல் நின்று அவர் வரும் பக்கத்துக்கு விட்டுக்கொடுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் முன்கூட்டியே கையை நீட்டிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நமக்கு உண்மையில் கஷ்டம் வேறு இடத்தில்: எழுபது வயது அம்மாவையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'ஆன்ட்டி' போன்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. 'நீங்கள்' என்பதற்கு 'உஸ்தேத்', 'நீ' என்பதற்கு 'தூ'. முதல் மாலை 'உஸ்தேத்' போடுங்கள். அவர் 'த்ராத்தாமே தே தூ' என்று சொன்னால், 'என்னை நீ என்றே கூப்பிடு' என்று பொருள். சொன்ன பிறகும் மரியாதை கருதி 'உஸ்தேத்' என்றே நீட்டினால், விலகி நிற்கிறீர்கள் என்று அவர் நினைப்பார்.

அன்று இரவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: சாப்பாட்டு நேரங்கள், குளிக்கும் நேரம், துணி துவைக்கும் நாள், வைஃபை, சாவி. சாவியைத் தந்ததும் அவர் முன்னாலேயே ஒருமுறை வெளியே நின்று பூட்டித் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்பெயின் வீட்டுக் கதவு பல, இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். உட்பக்கத் துளையில் ஒரு சாவி செருகியிருந்தால் வெளியிலிருந்து உங்கள் சாவி வேலை செய்யாத பூட்டுகளும் உண்டு. இரவு பதினொன்றுக்குத் திரும்பி வந்து வெளியே நிற்பது பெரும்பாலும் இதனால்தான். 'சாவி' என்ற நம் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது, ஸ்பானிஷில் அதன் உறவு 'யாவே'. மேசையும் அலமாரியும் அப்படியே: 'மேசா', 'அர்மாரியோ'. அறைக்குள் நுழைந்ததும் மூன்று சொல் ஏற்கெனவே கையில்.

குளியலறை தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். தரையில் தண்ணீர் போகத் துளை கிடையாது. தொட்டிக்கு வெளியே சிந்தினால் கதவுக்கு அடியில் ஓடி நடைபாதை மரத்தரையில் ஏறும், மரம் உப்பும். திரைச்சீலை இருந்தால் அதன் அடிப்பகுதியைத் தொட்டிக்கு உள்ளே விட்டுக்கொண்டு குளியுங்கள், முடிந்ததும் தரையைத் துடைத்துவிடுங்கள். பல வீடுகளில் சுடுதண்ணீர் ஐம்பது முதல் எண்பது லிட்டர் பிடிக்கும் ஒரு தொட்டியில் காய்கிறது. நீங்கள் இருபது நிமிடம் திறந்து விட்டால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர். ஐந்து நிமிடம் போதும். நீண்ட கூந்தல் அலச வேண்டிய நாளில் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, சோப்புப் போடும்போது குழாயை மூடி வையுங்கள். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பவராக இருந்தால், தலையணை மேல் உங்கள் துண்டு ஒன்றை விரித்துப் படுங்கள். வெள்ளைத் தலையணை உறையில் அந்தக் கறை எளிதில் போகாது. வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடப்பதையும் அங்கே ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு எடுத்துப்போங்கள்.

ஜன்னலுக்கு வெளியே 'பெர்சியானா' என்னும் சுருட்டும் தட்டி இருக்கும், சுவரோரப் பட்டையை இழுத்தால் ஏறும், இறங்கும். ஜூலையில் சலமான்காவில் பகல் முப்பது டிகிரியைத் தொடும். நகரம் கடல்மட்டத்துக்கு 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு சட்டென்று குளிரும், ஒரு மெல்லிய ஸ்வெட்டர் தேவை. பகலில் வீட்டம்மா தட்டியை இறக்கி இருட்டாக வைத்திருப்பார். வெளிச்சம் வேண்டுமென்று தூக்கிவிடாதீர்கள். வெயில் உள்ளே வராமல் தடுப்பதுதான் அந்த வீட்டின் குளிர்சாதனம். காலையில் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டு, பிறகு அடைப்பது வழக்கம்.

இனி சாப்பாடு. காலை எட்டு மணிக்குப் பால் காபி, ரொட்டியில் ஆலிவ் எண்ணெய், அரைத்த தக்காளி. அல்லது நாலு பிஸ்கட். அவ்வளவுதான். மதியச் சாப்பாடு இரண்டரைக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பது, ஒன்பதரை. ஜூலையில் பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் அது இரவு என்றே தோன்றாது. இட்லி தோசை தின்று பழகிய வயிறு பதினொரு மணிக்குக் கூப்பாடு போடும். பள்ளி இடைவேளையில் பக்கத்துக் கடையில் ஒரு துண்டு 'தொர்த்தியா தே பத்தாத்தாஸ்' சாப்பிடுங்கள். முட்டை, உருளைக்கிழங்கு, பெரும்பாலும் வெங்காயம், ஆலிவ் எண்ணெய், உங்களுக்கு ஏற்றது.

மதியம் 'ப்ரிமேரோ', 'செகுந்தோ' என்று இரண்டு தட்டு வரும், பிறகு பழமோ தயிரோ. புதிதாக வந்தவர் செய்யும் தவறு, முதல் தட்டே சாப்பாடு என்று நினைத்து வயிறு நிறையத் தின்றுவிட்டு, இரண்டாவது வரும்போது முழிப்பது. முதல் தட்டைப் பாதியளவு வாங்கிக்கொள்ளுங்கள். ரொட்டித் துண்டை மேசை விரிப்பின் மேலேயே வைப்பது வழக்கம், அதற்குத் தனித் தட்டு தேட வேண்டாம். இரண்டு கையும் மேசைக்கு மேலே இருக்கட்டும்.

சைவம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வாரம் கெட்டுப்போவது இங்கேதான். 'சோய் பெஹெத்தாரியானா', அதாவது 'நான் சைவம்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஸ்பானிஷில் 'கார்னே' என்றால் இறைச்சிதான், ஆனால் பேச்சு வழக்கில் பன்றித் தொடைக்கறியான 'ஹமோன்' பலருக்கு அந்தக் கணக்கில் வராது. சூரை மீனான 'அத்தூன்' நிச்சயம் வராது. கடையில் 'சாண்ட்விச் பெஹெத்தால்' என்று காய்கறிப் பெயரில் விற்பதில் சூரை மீன் இருப்பது சகஜம். 'என்சலாதா மிக்ஸ்தா' என்ற கலவைச் சாலட்டிலும் அதே. 'க்ரொக்கேத்தாஸ்' உள்ளே பொடிப்பொடியாய் ஹமோன். பருப்புக் குழம்பு போல இருக்கும் 'லெந்தேஹாஸ்' கண்ணுக்கு நம் சாம்பாரின் தம்பி. சட்டியில் 'சொரிசோ' என்ற பன்றித் தொத்திறைச்சி கொதித்திருக்கும். சலமான்காவின் பெருமையான 'ஒர்னாசோ' வெளியே ரொட்டி மாதிரி, உள்ளே முழுக்க இறைச்சி.

ஆகவே பட்டியலாகச் சொல்லுங்கள்: "நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி சொரிசோ, நி அத்தூன். வேவோஸ் சி, லேச்சே சி." முட்டை சரி, பால் சரி என்பதைக் கடைசியில் சேர்ப்பது முக்கியம். இல்லாவிட்டால் உங்களுக்கு என்ன சமைப்பது என்று அந்த அம்மா திகைத்துப் போவார். இறைச்சிச் சாறு விஷயத்துக்கு இன்னொரு வாக்கியம்: "யேவா கால்தோ தே கார்னே?" இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று அர்த்தம். துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தால் சைவமாகிவிடும் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் உண்டு. கோபப்படாதீர்கள், "லெந்தேஹாஸ் சின் சொரிசோ", சொரிசோ போடாத பருப்பு, என்று அடுத்த முறைக்குக் கேளுங்கள். 'கர்பான்சோஸ்' என்று காதில் விழுவது கொண்டைக்கடலை. எழுத்தில் முதலில் வருவது 'ஜி'. பசலைக்கீரையோடு அதைச் சமைப்பார்கள், நமக்கு நன்றாகவே இறங்கும். கோடையில் குளிர்ந்த தக்காளிச் சாறான 'கஸ்பாச்சோ' கிடைக்கும். காரம் மட்டும் எதிலும் இருக்காது. இட்லிப்பொடி நூறு கிராம் எடுத்துப்போங்கள், ஆனால் மேசையில் ருசி பார்க்காமலே அதைத் தூவாதீர்கள்.

வேண்டாதது வந்தால் 'நோ மே குஸ்தா', பிடிக்கவில்லை, என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிட 'ப்ரெஃபியெரோ' என்று தொடங்கி வேண்டியதைச் சொல்லுங்கள். வயிறு நிறைந்தால் "நோ புவேதோ மாஸ்", இனி முடியாது. வெளியே சாப்பிடப் போகும் நாளில் காலையிலேயே "ஓய் நோ சேனோ என் காசா" என்று சொல்லிவிடுங்கள்: இன்று இரவு வீட்டில் சாப்பாடு வேண்டாம். சொல்லாமல் வராமலிருப்பதுதான் தங்கும் வீடுகளில் மனக்கசப்பு வரும் முதல் காரணம். நாம் வீணாக்குவது அவருடைய சமையலை.

மேசையில் என்ன பேசுவது? சாப்பிட்டு முடித்த பிறகும் எழாமல் பேசிக்கொண்டிருப்பதற்கு 'சொப்ரெமேசா' என்றே ஒரு பெயர் உண்டு. தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு மறுபடி உட்காருங்கள். உங்களுக்கு நூறு சொல்தான் தெரியும் என்றாலும் ஒரு வழி இருக்கிறது. புரியாதபோது 'நோ எந்தியெந்தோ' என்று நிறுத்தினால் பேச்சு அங்கேயே விழும். அதற்குப் பதில் கடைசியாகப் புரிந்த சொல்லைக் கேள்வியாகத் திருப்பிக் கொடுங்கள். அவர் நாளைக்கு யாரோ வருகிறார்கள் என்று ஏதோ சொல்கிறார், உங்களுக்கு 'மஞ்யானா' மட்டும் பிடிபட்டது, "மஞ்யானா... கே?" என்று கேளுங்கள். எங்கே அறுந்தது என்று அவருக்குத் தெரியும், அந்தத் துண்டை மட்டும் மெதுவாகத் திரும்பச் சொல்வார். தலையை இரு பக்கமும் ஆட்டும் நம் பழக்கத்தை அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது, வாய்விட்டு 'சி' என்று சொல்லுங்கள். திருத்தச் சொல்வதென்றால் ஒரு நாளைக்கு ஒன்று: இன்று வினைச்சொல் மட்டும், நாளை ஆண்பால் பெண்பால் மட்டும். எல்லாவற்றையும் திருத்தச் சொன்னால் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது.

தமிழ் பேசுகிறவருக்கு இந்த மொழியில் உள்ள சாதகங்கள் பெரியவை. பாடப்புத்தகங்கள் ஆங்கிலக்காரருக்கு எழுதப்பட்டதால் இவற்றைச் சொல்வதில்லை. 'மே குஸ்தா எல் கஃபே' என்பதை ஆங்கில வழியாகப் படித்தவர் வாரக்கணக்கில் குழம்புவார். நாமோ 'எனக்குக் காபி பிடிக்கும்' என்றே பிறந்ததிலிருந்து சொல்கிறோம், அமைப்பு அதுவே. தலைவலியும் அப்படி: 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. ஒரு கவனம் மட்டும்: பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மை, 'மே குஸ்தான் லாஸ் லெந்தேஹாஸ்'. 'பேசுகிறேன்' என்றாலே நான் என்பது அடங்கிவிடுவது போல 'ஆப்லோ' போதும், ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ' போட வேண்டாம். பள்ளியை 'இஸ்கூல்' என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, ஸ்பானிஷும் அதையே செய்கிறது: 'எஸ்குவேலா', 'எஸ்தூதியாந்தே'. பல் தொடும் த, மூச்சு வெடிக்காத ப, க எல்லாம் நம் வாயிலேயே இருக்கின்றன. உயிருக்கு நடுவே மெலியும் ஒலியும் நமக்குப் பழக்கம். 'நாதா', ஒன்றுமில்லை, என்பதன் த, 'அது' என்பதில் வருவதுதான்.

இதே பழக்கம் ஓரிடத்தில் காலை வாரும். தமிழில் மெல்லின எழுத்துக்குப் பின் வல்லினம் தானாகவே கனத்து ஒலிக்கும். பந்து, சங்கு, பாம்பு. ஸ்பானிஷில் கனப்பதும் உண்டு, கனக்காததும் உண்டு, இரண்டுக்கும் பொருள் வேறு. எவ்வளவு என்று கேட்கும் சொல்லில் கனக்காத த, எப்போது என்று கேட்கும் சொல்லில் கனத்த த. தமிழில் எழுதினால் இரண்டும் 'குவாந்தோ'. கடையில் விலை கேட்கப் போய் நேரம் கேட்டுவிட்டு வருவீர்கள். ஐந்து, வயல், வெள்ளை ஆகியவற்றுக்கான சொற்களிலும் இதே சிக்கல். பழகும் முறை: தொண்டையில் விரல் வைத்து 'குவான்' என்று சொல்லி, ஒரு நொடி நிறுத்தி, 'பத்து' என்பதில் வரும் த்-ஐப் போல 'தோ' சொல்லுங்கள். அந்த 'தோ' தொடங்கும்போது விரலில் அதிர்வு இருக்கக் கூடாது. பிறகு இடைவெளியைக் குறையுங்கள். முதல் வாரம் தினம் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும். இதனால்தான் ஒரு கண்டிப்பான அறிவுரை: நான் இங்கே தமிழில் எழுதிக் காட்டினாலும் உங்கள் நோட்டில் ஸ்பானிஷ் எழுத்திலேயே எழுதுங்கள். எடைக்கும் முத்தத்துக்கும் தமிழில் ஒரே 'பேசோ'தான் வரும்.

ர, ற வேறுபாடும் உதவும். 'பெரோ' என்றால் ஆனால். 'பெற்ரோ' என்று நாக்கை உருட்டினால் நாய். கன்னியாகுமரிப் பக்கம் ற-வை அழுத்திச் சொல்லும் வாய்க்கு இது பாதி வந்தாயிற்று, மற்றவர்கள் பயில வேண்டும். சொல்லின் முதலில் வரும் ர எப்போதும் உருளும். அதற்குச் சலமான்காவிலேயே ஒரு பயிற்சிச் சொல் இருக்கிறது: 'ரானா', தவளை. 1218-இல் தோன்றிய பல்கலைக்கழகத்தின் கல் முகப்பில், ஒரு மண்டையோட்டின் மேல் சிறு தவளை செதுக்கியிருக்கிறது. வருகிறவர்கள் அண்ணாந்து அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் போய்த் தேடுங்கள், கண்டுபிடித்ததை இரவு மேசையில் சொல்லுங்கள், நாக்கு உருளும் வரை. ஸ்பானிஷுக்கு முதல் இலக்கணம் எழுதிய நெப்ரிஹா படித்ததும் பாடம் சொன்னதும் அதே பல்கலைக்கழகத்தில். அந்த நூல் 1492-இல் சலமான்காவிலேயே அச்சானது.

சில சொற்களை முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள். வெட்கமாக இருக்கிறது என்று நினைத்து 'எம்பராசாதா' என்றால் கர்ப்பமாக இருக்கிறேன் என்று பொருள். வெக்கையாக இருந்தால் 'தெங்கோ கலோர்'. 'எஸ்தோய் கலியெந்தே' என்றால் காமம். நலமா என்றால் 'எஸ்தோய் பியென்', 'எஸ்தோய் புவேனா' அல்ல; அது உடலழகைச் சொல்வது. யாராவது 'கொன்ஸ்திபாதோ' என்றால் மலச்சிக்கல் என்று பதறாதீர்கள், ஜலதோஷம்.

திங்கள் காலை நிலைத் தேர்வு. எழுத்தில் ஒன்று, பேச்சில் ஒன்று. தெரியாத கேள்விக்கு ஊகத்தில் குறி போடாதீர்கள், காலியாக விடுங்கள். ஊகம் பலித்தால் உங்களுக்கு மேலான வகுப்பில் உட்கார வைப்பார்கள், அங்கே எல்லோரும் இறந்தகாலத்தில் கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நம் மாணவர்கள் எழுத்தில் நன்றாகச் செய்து பேச்சில் பின்தங்குவது வழக்கம். அப்படி இருந்தால் பேச்சு நிலைக்கு ஏற்ற வகுப்பையே கேளுங்கள். மாற்றம் வேண்டுமென்றால் புதன்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு பாடம் நகர்ந்துவிடும். ஸ்பெயினில் 'நீங்கள் எல்லோரும்' என்பதற்கு 'பொசோத்ரோஸ்' என்ற வடிவம் தினமும் காதில் விழும். லத்தீன் அமெரிக்கப் பாடத்திட்டத்தில் ஏ1 படித்தவர்கள் அதைத் தாண்டியிருப்பார்கள். புறப்படும் முன் அந்த விகுதியை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் சி, இசெட் வரும் சில இடங்களில் நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே வைத்துக் காற்று விடுவதும் ஸ்பெயினுக்கு உரியது. 'கிராசியாஸ்' என்பதன் நடு எழுத்து அப்படித்தான்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் மாலை தலை கனக்கும், தெரிந்த சொல்லும் வராது. நாள் முழுக்க காது கூர்ந்து கேட்டதன் அசதி அது. மொழி வரவில்லை என்பதற்கான அடையாளம் இல்லை. மதியம் சாப்பாட்டுக்குப் பின் வீடே அமைதியாக இருக்கும் வேளையில் அரை மணி படுங்கள். அம்மா அப்பாவோடு பேசவும் இரவுச் சாப்பாட்டு நேரம் ஆகாது, அப்போது ஊரில் நள்ளிரவு தாண்டியிருக்கும். கோடையில் வித்தியாசம் மூன்றரை மணி நேரம். அங்கே மாலை நாலு என்றால் இங்கே ஏழரை. தினமும் ஒரு மணி நேரம் தமிழில் பேசிவிட்டு மேசைக்குப் போனால் வாய் மறுபடி பூட்டிக்கொள்ளும், பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொள்வது நல்லது என்பேன். சிம் வாங்கப் பாஸ்போர்ட் கட்டாயம் கேட்பார்கள். அவசர எண் 112.

வியாழக்கிழமை மாதிரி ஒரு காலையில் பிளாசா மயோர் சதுக்கத்தை ஒட்டியுள்ள சந்தைக் கட்டடத்துக்குப் போய்ப் பழம் வாங்குங்கள். கடை முன் வரிசை என்று ஒன்று தெரியாது, கலைந்து நிற்பார்கள். நீங்கள் போனதும் "கியென் எஸ் எல் ஊல்த்திமோ?" என்று கேட்க வேண்டும்: கடைசி ஆள் யார்? கை தூக்குகிறவருக்குப் பின்னால் நீங்கள். இதைக் கேட்காமல் நின்றால் அரை மணி நேரம் நின்றுகொண்டே இருப்பீர்கள். பழத்தைத் தொட்டு அமுக்கிப் பார்க்கக் கூடாது, கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். "மெதியோ கீலோ" அரைக் கிலோ. 'செசெந்தா' அறுபது, 'செத்தெந்தா' எழுபது. காதில் ஒன்று போலவே விழும், சந்தேகமானால் தராசின் எண்ணைப் பாருங்கள். தசமப் புள்ளிக்குப் பதில் அங்கே காற்புள்ளி.

வீடு ஒத்துவரவில்லை என்றால் பொறுத்துப் பொறுத்து மூன்றாம் வாரம் அழாதீர்கள். பள்ளியில் தங்குமிடம் கவனிப்பவர் ஒருவர் இருப்பார். செவ்வாய், புதனுக்குள் அவரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்: மூன்று நாளும் இரவு சாப்பாட்டில் ஹமோன் இருந்தது, அறைக்கதவு சாத்த வரவில்லை, பள்ளிக்கு நடக்க நாற்பது நிமிடம் ஆகிறது. 'வசதியாக இல்லை' என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. அதே வீட்டில் ஆங்கிலம் பேசும் இன்னொரு மாணவி இருந்தால், மேசையில் ஸ்பானிஷ் மட்டும் என்று முதல் நாளே இரண்டு பேரும் பேசி வையுங்கள். அவருடைய மொழியும் உங்களைப் போலவே தட்டுத்தடுமாறும் என்பதால் ஒருவருக்கொருவர் நன்றாகப் புரியும்.

சனிக்கிழமை ஆவிலாவுக்கோ செகோவியாவுக்கோ போவதாக இருந்தால் வெள்ளி மதியமே வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பதில் ரொட்டிக்குள் ஏதாவது வைத்துப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். அதில் தானாகவே ஹமோன் வந்து உட்காராமல் இருக்க, "உன் பொகாதியோ தே தொர்த்தியா, போர் ஃபவோர்" என்று முந்திக்கொண்டு கேளுங்கள்.